ஒருவருக்கே ஒப்பந்தமா?

நம் நாட்டில் மிகப் பெரிய வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், பெரும் வணிக நிறுவனம் ஒன்றின் பெயரைப் பலரும் சொல்லக்கூடும். உண்மையில் அந்த இடம் அரசாங்கத்திற்கே உரியது. காகிதமும் மருந்தும் மட்டும் அது வாங்கும் பொருள்கள் அல்ல. மருத்துவமனைத் தரையைத் துடைப்பது, விடுதியில் சமைப்பது, வாயிலில் காவல் நிற்பது, தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவது, அலுவலகத்திற்கு வண்டி விடுவது, கணிப்பொறியைப் பழுது பார்ப்பது ஆகிய யாவும் அரசாங்கம் விலை கொடுத்து வாங்கும் பணிகள். இவற்றைச் செய்து தருவோரில் பெரும்பாலோர் பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறியவர்கள்.

இந்தச் சிறியவர்களின் பிழைப்பை ஒரே நாளில் மாற்றிவிடும் ஒரு வழக்கம் பரவி வருகிறது. பல சிறு பணிகளை ஒரு கட்டாகக் கட்டி, ஒரே டெண்டராக அறிவித்து, ஒருவருக்கே கொடுத்துவிடுவதுதான் அது. அப்படிச் செய்யும்போது சிறு தொழிலாளி அதனை எதிர்த்துக் கேட்க முடியுமா? முடியுமானால் எங்கே, எப்போது, எந்தச் சட்டத்தைக் கொண்டு? இவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவியல் மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். கல்வி முடிந்தபின் நம்மில் எல்லோரும் சம்பளத்திற்குப் போகப்போவதில்லை. ஆய்வுக்கூடக் கருவிகளைச் செப்பனிடுவது, நீரைச் சோதித்துத் தருவது, மென்பொருள் எழுதுவது என்று சிறு தொழில் தொடங்குவோரும் நம்முள் இருப்பார்கள். அவர்கள் கதவைத் தட்டும் முதல் வாடிக்கையாளர் அரசாங்கமாகவே இருக்கும். மேலும், கொண்டாப்பூரையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு எரிவதும் இத்தகைய சிறு தொழில்களால்தான்.

ஒற்றை ஒப்பந்தம் என்பது யாது?

ஒரு வேலையை இரண்டு வகையில் கொடுக்கலாம். ஊரைப் பத்துப் பகுதியாகப் பிரித்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பது ஒரு வகை. ஊர் முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைப்பது மற்றொரு வகை. சென்னை மாநகராட்சி 2000-ஆம் ஆண்டில் குப்பை அகற்றும் பணியை ஓனிக்ஸ் என்ற பெயரில் இயங்கிய அயல்நாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது மூன்று மண்டலங்களையே கொடுத்தது. மற்றவற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டது. ஐதராபாத் பெருமாநகராட்சியோ, 2009-இல் நகரின் திடக்கழிவு மேலாண்மைக்காக ராம்கி நிறுவனத்துடன் 25 ஆண்டுகளுக்கு ஒருங்கிணைந்த ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. கொண்டாப்பூரும் அப்போது அந்த எல்லைக்குள் இருந்ததுதான். இவ்விரண்டில் எது சிறந்தது என்பது வேறு ஆராய்ச்சி. பணியைப் பிரிப்பதும் சேர்ப்பதும் இயற்கையின் விதியல்ல, அதிகாரி ஒருவர் மேசைமேல் எடுக்கும் முடிவு என்பதையே இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டும். மனிதர் எடுக்கும் முடிவானால் அதற்குக் காரணம் கேட்கலாம். காரணம் தவறானால் அதை மாற்றவும் செய்யலாம்.

அரசாங்கத்தின் தரப்பையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். பத்து ஒப்பந்தக்காரர் இருந்தால் பத்துக் கணக்கு, பத்துப் பட்டியல், பத்துத் தகராறு. குழாயில் நீர் வராவிட்டால் மின்சாரக்காரர் பம்புக்காரரைக் கை காட்டுவார். பம்புக்காரர் தொட்டிக்காரரைக் கை காட்டுவார். ஒருவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பானால் இந்தச் சாக்குப்போக்கு இராது. மொத்தமாக வாங்கினால் விலையும் குறையலாம். ஆகவே சேர்த்துக் கொடுப்பதெல்லாம் சூழ்ச்சி என்று முடிவு கட்டுவது பிழை.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. நிலம் முழுவதும் ஒரே பயிரை விதைத்தவன் முதல் ஆண்டில் நல்ல விளைச்சல் காண்பான். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒருங்கே இழப்பான். ஒப்பந்தமும் அத்தகையதே. ஒருவரே ஐந்தாண்டு, பத்தாண்டு வேலையை வைத்துக்கொண்டால், போட்டிக்கு இருந்த சிறியவர்கள் அதற்குள் தொழிலை விட்டுப் போய்விடுவார்கள். அடுத்த டெண்டர் வரும்போது விலை கேட்க அந்த ஒருவரைத் தவிர வேறு ஆள் இல்லை. முதல் முறை குறைந்த விலை இரண்டாம் முறை எவ்வளவாகும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

கதவு எப்படி மூடப்படுகிறது?

சிறியவர் வர வேண்டா என்று எந்த டெண்டரிலும் எழுதியிருக்காது. ஆனால் நான்கு நிபந்தனைகள் சேர்ந்தால் அதே பொருள் வந்துவிடும். முதலாவது, ஆண்டு விற்றுமுதல் இத்தனை கோடி இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, இதே அளவுள்ள பணியை முன்பே செய்திருக்க வேண்டும் என்பது. மூன்றாவது, பெருந்தொகையை முன்வைப்பாகக் கட்ட வேண்டும் என்பது. நான்காவது, தொடர்பில்லாத பல பணிகளை ஒரே பட்டியலில் கோப்பது. இந்த நான்காவதே மற்ற மூன்றுக்கும் தாய். கட்டு பெரிதானால் விற்றுமுதலும் அனுபவமும் முன்வைப்பும் தாமாகவே பெரிதாகிவிடுகின்றன.

இதற்கு என் வீட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. என் தாய்மாமன் இந்நகரில் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணி வெளுத்துத் தரும் தொழில் செய்பவர். அரசு நிறுவனம் ஒன்றிற்கு (அதன் பெயர் இங்கு வேண்டா) ஆண்டுதோறும் தனி டெண்டர் மூலம் வேலை செய்து வந்தார். ஓர் ஆண்டு துணி வெளுப்பு, துப்புரவு, தோட்டம், காவல் நான்கையும் ஒன்றாக்கி ஒரே டெண்டர் வெளியிட்டார்கள். கேட்டிருந்த விற்றுமுதல் அவர் வாழ்நாள் முழுவதும் ஈட்டியதைவிடப் பெரியது. அவர் அலுவலகத்திற்கு ஓடிச்சென்று கேட்டபோது, ‘ஐயா, கேள்வி கேட்கும் கூட்டம் மூன்று நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது’ என்றார்கள். இன்றும் அதே துணிகளை அவரே வெளுக்கிறார். ஆனால் ஒப்பந்தம் வேறொருவர் பெயரில். அவரிடம் உள்குத்தகை எடுத்து, முன்னைவிடக் குறைந்த கூலிக்கு, மூன்று மாதம் கழித்துப் பணம் பெறுகிறார். வேலை செய்யும் கைகள் மாறவில்லை. நடுவில் ஒரு பங்கு கூடியதுதான் கண்ட மாற்றம்.

நிபந்தனைகளால் தொழிலே ஆட்டம் காண்பது தனிமனிதர் கதை மட்டும் அன்று. நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட எரிவாயு டாங்கர் லாரி உரிமையாளர்கள் 2025 மார்ச் 27 முதல் தென்மாநிலங்களில் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை நாம் செய்தித்தாள்களில் படித்தோம். எண்ணெய் நிறுவனங்களின் புதிய போக்குவரத்து ஒப்பந்தத்தில் இரண்டு அச்சு வண்டிகளைவிட மூன்று அச்சு வண்டிகளுக்கு முதலிடம் தந்ததும், அபராத விதிகளைக் கடுமையாக்கியதும் அவர்கள் குறைகளுள் சில. அங்கே பணி ஒருவருக்கே போகவில்லை என்பது மெய். ஆயினும் கடன் வாங்கி இரண்டு வண்டி வைத்திருப்பவனுடைய வாழ்வை டெண்டர்த் தாளின் ஒரு வரி எப்படி அசைத்துவிடும் என்பதற்கு அது நல்ல சான்று.

சட்டம் தரும் பிடி

சிறு தொழிலுக்குச் சட்டம் ஒரு பிடி கொடுத்திருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் 11-ஆம் பிரிவு, சிறு தொழில்களிடமிருந்து வாங்குவதில் முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசும் மாநில அரசுகளும் ஆணையாக வெளியிடலாம் என்கிறது. அதன்படி மத்திய அரசு 2012 மார்ச்சில் கொள்முதல் கொள்கை ஆணையை வெளியிட்டது. மத்திய அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது முதல் அளவு. 2015 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று. 2018-இல் செய்த திருத்தத்தால் இந்த அளவு 25 விழுக்காடாக உயர்ந்தது. அதனுள் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கும், 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் தொழில்களுக்கும் உரியவை. டெண்டர்ப் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை வேண்டுவதில்லை. பொருள்களுக்கு மட்டுமன்றிப் பணிகளுக்கும் இந்த ஆணை பொருந்தும்.

யார் சிறியவர்? 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரையறைப்படி, முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 10 கோடிக்கும் மிகாதது குறுந்தொழில். முதலீடு 25 கோடிக்கும் விற்றுமுதல் 100 கோடிக்கும் மிகாதது சிறுதொழில். உத்யம் என்ற மத்திய அரசின் பதிவேட்டில் கட்டணமின்றிப் பதிந்துகொண்டாலே இச்சலுகைகளைக் கேட்க முடியும்.

இந்த ஆணையின் இதயம் 15 விழுக்காடு விதியாகும். அதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு பணிக்குப் பெரிய நிறுவனம் ஒன்று 100 இலட்சம் ரூபாய் கேட்கிறது. அதுவே மிகக் குறைந்த விலை. ஒரு சிறு தொழில் 112 இலட்சம் கேட்கிறது. மற்றொரு சிறு தொழில் 118 இலட்சம் கேட்கிறது. குறைந்த விலையோடு 15 விழுக்காட்டைக் கூட்டினால் 115 இலட்சம். 112 கேட்டவர் அந்த எல்லைக்குள் இருக்கிறார். 118 கேட்டவர் வெளியே நிற்கிறார். உள்ளே இருப்பவரை அழைத்து, ‘நீரும் 100 இலட்சம் என்ற விலைக்கே இறங்கி வருவீரா?’ என்று கேட்க வேண்டும். அவர் இசைந்தால், பணி பிரிக்கத்தக்கதாயின் கால் பங்கை அவருக்குக் கொடுக்க வேண்டும். பிரிக்க முடியாத பணியாயின், முழுவதையும் அவருக்கே கொடுக்கலாம் என்கிறது ஆணை.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ‘வேண்டும்’ என்பதும் ‘லாம்’ என்பதும் ஒன்றல்ல. பிரிக்கத்தக்க பணியில் சிறியவருக்குப் பங்கு உறுதி. பிரிக்க முடியாத பணியில் அவருக்கு வாய்ப்பு மட்டுமே. ஒரு பணி பிரிக்கத்தக்கதா அன்றா என்று முதலில் சொல்பவர் யார்? டெண்டரை எழுதும் அதிகாரி. ஆகவே நான்கு பணிகளைக் கட்டி, ‘இது பிரிக்க முடியாதது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், உறுதியான பங்கு அதிகாரியின் விருப்பமாக மாறிவிடுகிறது. விற்றுமுதல் நிபந்தனையும் உடன் சேர்ந்தால், சிறியவரின் விலைச்சீட்டையே பிரித்துப் பார்க்க மாட்டார்கள். 15 விழுக்காட்டுக் கணக்குக்கு இடமே இல்லை. சலுகை சட்டத்தில் இருக்கும்; கைக்கு வராது.

இன்னும் இரண்டு ஓட்டைகளைச் சொல்ல வேண்டும். கட்டுமான வேலைகள் இந்த ஆணைக்குள் அடங்கா என்று உயர்நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆதலின் பராமரிப்புப் பணியைக் கட்டட வேலையோடு சேர்த்துவிட்டால் சலுகை கேட்பது கடினமாகிவிடும். அடுத்து, இது மத்திய அரசின் ஆணை. நாம் பயிலும் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதைச் சுட்டிக் கேட்பதுபோல, மாநில அரசின் அலுவலகத்திலோ மாநகராட்சியிலோ இதைக் காட்டிக் கேட்க முடியாது. அங்கே அந்தந்த மாநிலத்தின் விதியைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டரை ஏற்கும் அதிகாரியின் ஆணையால் பாதிக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அது கூறுகிறது.

நீதிமன்றங்கள் சொன்னவை

இத்துறையில் முதலில் அறிய வேண்டிய வழக்கு பம்பாய் விமான நிலையத்தைச் சேர்ந்தது. அங்கே ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த 1977-இல் டெண்டர் கேட்டார்கள். குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒப்பந்தம் கிடைத்தவரோ கான்டீன் நடத்தியவர். அந்தத் தகுதி அவருக்கு இல்லை. ரமணா தயாராம் செட்டி என்பவர் வழக்குத் தொடுத்தார். 1979 மே மாதம் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் வழிகாட்டி. அரசாங்கம் தனி வணிகனைப்போல் விருப்பப்பட்டவருக்குக் கொடுக்க முடியாது. தானே வகுத்த நிபந்தனைக்குத் தானே கட்டுப்பட வேண்டும் என்று நீதியரசர் பகவதி எழுதினார்.

ஆனால் வழக்காடியவர் என்ன பெற்றார்? ஒன்றும் பெறவில்லை. அவர் பல மாதம் கழித்து வந்தார். அதற்குள் ஒப்பந்தக்காரர் பணம் செலவிட்டுக் கடையை அமைத்துவிட்டார். வழக்கின் பின்னால் வேறொருவர் நிற்கிறார் என்ற எண்ணமும் நீதிமன்றத்திற்கு ஏற்பட்டது. கொள்கையில் வென்று பயனில் தோற்ற வழக்கு அது. டெண்டர் வழக்கில் காலத்தின் அருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

அடுத்து, சிறியவர்க்கு உவப்பில்லாத தீர்ப்புகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டெண்டர் நிபந்தனையை வகுப்பதில் அரசுக்கு உரிமை உண்டு. அது மனம்போன போக்கில் இருந்தாலோ, ஒருவருக்குச் சாதகமாகத் திரித்திருந்தாலோ மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்பது பொதுவான நிலை. கருநாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் டயர் வாங்க 500 கோடி ரூபாய் விற்றுமுதல் கேட்டதை மிச்சிகன் ரப்பர் வழக்கில் 2012-இல் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பேருந்தில் செல்லும் மக்களின் பாதுகாப்பு அங்கே காரணமாகக் காட்டப்பட்டது. தமிழ்நாட்டில் மதுப்புட்டிகளுக்கு ஒட்டும் ஹோலோகிராம் சீட்டுப் பற்றிய டெண்டர் வழக்கில், 2021-இல், வணிகப் போட்டியாளர்கள் ஒவ்வொரு டெண்டரையும் நீதிமன்றத்திற்கு இழுப்பதை அந்நீதிமன்றம் கண்டித்ததோடு, வழக்குச் செலவையும் அவர்கள்மேல் சுமத்தியது. 2022-இல் மற்றொரு வழக்கில், பொதுப்பணி நிற்கும்படி தடை கொடுப்பதைவிட, தவறு நிகழ்ந்திருந்தால் இழப்பீடு தருவதே நலம் என்ற கருத்தைச் சொன்னது.

இவற்றைக் கண்டு சோர்வடைய வேண்டியதில்லை. மகாராட்டிரத்து மகளிர் குழுக்களின் வழக்கு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு உணவு தருவதில் ஒப்பந்தக்காரர்களைப் பயன்படுத்தலாகாது. ஊர்ச் சமூகங்களையும் சுய உதவிக் குழுக்களையும் மகளிர் மன்றங்களையும் பயன்படுத்துவதே விரும்பத்தக்கது என்று உச்சநீதிமன்றம் 2004 அக்டோபர் 7-இல் ஆணையிட்டிருந்தது. மகாராட்டிர அரசு 2016 மார்ச்சில் வெளியிட்ட டெண்டரோ, 500-க்கு மேற்பட்ட திட்டப் பகுதிகளை 70 பெருந்தொகுதிகளாக்கியது. ஒரு தொகுதி முழுவதற்கும் உணவு தர ஊர்ப் பெண்களின் குழுவால் எப்படி இயலும்? பெயரளவில் மகளிர் குழு, உள்ளளவில் பெரிய ஆலை என்ற நிலையே அதனால் உண்டாகும். வைஷ்ணோராணி மகளிர்ச் சேமிப்புக் குழு முதலியோர் தொடுத்த வழக்கில், 2019 பிப்ரவரி 26-இல் உச்சநீதிமன்றம் அந்த டெண்டரை நீக்கி, புதிதாக அழைக்குமாறு கூறியது. பணியைக் கட்டுவதே சிறியவரை வெளியேற்றும் கருவியாகலாம் என்பதை ஏற்ற தீர்ப்பு இது எனலாம்.

2025-ஆம் ஆண்டில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பிப்ரவரியில், லைப்கேர் இன்னொவேஷன்ஸ் என்ற சிறு மருந்து நிறுவனத்தின் வழக்கு. பூஞ்சை நோய்க்கான ஊசிமருந்தை அது தயாரிக்கிறது. டெண்டர்களில் கேட்கும் விற்றுமுதல் அதற்குத் தடையாயிற்று. 2012 கொள்கை ஆணை வெறும் அறிவுரை அன்று, சட்ட வலிமை உடையது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 25 விழுக்காட்டில் இன்னாருக்கு இத்தனை என்று கேட்கும் தனி உரிமை எந்தச் சிறு தொழிலுக்கும் இல்லை. ஆனால் அதை நிறைவேற்றும் கடமை அதிகாரிகளுக்கு உண்டு, அக்கடமையை நீதிமன்றம் கேட்டு வாங்கலாம் என்றும் விளக்கியது. விற்றுமுதல் நிபந்தனைகளை ஆராயுமாறு அந்த ஆணையின்கீழ் உள்ள குழுக்களைப் பணித்தது.

அக்டோபரில் சத்தீசுகர் அரசின் வழக்கு. பள்ளிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் தரும் டெண்டரில், கடந்த மூன்று ஆண்டுகளில் அம்மாநில அரசு நிறுவனங்களுக்கே ஆறு கோடி ரூபாய்க்குப் பொருள் கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முன்பு உள்ளே இருந்தவரே மீண்டும் உள்ளே வர முடியும் என்பது இதன் பொருள். ஆட்டக்களம் எல்லார்க்கும் சமமாக இருக்க வேண்டும் என்று கூறி உச்சநீதிமன்றம் அதை நீக்கியது. இவ்விரண்டும் பொருள்களைப் பற்றிய வழக்குகளே; ஆயினும் அவற்றின் கொள்கை பணிகளுக்கும் பொருந்துவதே.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் ஒப்பந்தம் கிடைக்காதவர் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். 100 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். குறித்த காலத்துள் மனு கொடுத்தால் பொதுவாகப் பணியும் அதுவரை நிற்கும். அங்கே முன்னாள் படைவீரர் ஒருவருக்குச் சொந்தமான கிங்டம்வேர் என்ற சிறு நிறுவனம், படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளின் அவசர அறிவிப்புப் பணியைத் தம் போன்றோரின் போட்டிக்கு விடாமல் வேறொருவருக்குக் கொடுத்ததை எதிர்த்தது. 2016 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அச்சிறு நிறுவனத்தின் பக்கம் நின்றனர். தகுதியுள்ள இரண்டு சிறு நிறுவனங்களாவது நியாயமான விலைக்கு முன்வரும் என்று தோன்றினால் அத்துறை அவர்களிடையேதான் போட்டி வைக்க வேண்டும் என்பதே விதி. ஆண்டு இலக்கு நிறைவேறிவிட்டது என்ற சாக்குச் செல்லாது என்றார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறி இன்னும் எளிய வழியைக் கண்டது. பணியைப் பிரிக்காமல் ஒரே ஒப்பந்தமாகக் கொடுக்க விரும்பும் அதிகாரி, ஏன் பிரிக்கவில்லை என்று காரணத்தை எழுத வேண்டும். மேலும், தக்க காரணம் இருந்தாலன்றி, கேட்கும் விற்றுமுதல் ஒப்பந்த மதிப்பின் இரு மடங்குக்கு மேல் போகலாகாது. நம் நாட்டிலோ, மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகக் கொள்முதலைச் சிறு சிறு துண்டாக்கக் கூடாது என்று பொது நிதி விதிகள் எச்சரிக்கின்றன. துண்டாக்குவதைக் குற்றமாகக் கருதும் நாம், தேவையின்றிக் கட்டாக்குவதையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டாவா? கொள்முதலுக்கென 2012-இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவும் சட்டமாகாமலே 2014-இல் காலாவதியாயிற்று.

சிறியவர் செய்யத்தக்கவை

முதலாவதாக, உத்யம் பதிவு. அது இல்லாமல் சலுகை பேசுவது சீட்டில்லாமல் ரயிலில் இடம் கேட்பது போன்றது. இரண்டாவதாக, டெண்டர் வந்த அன்றே முழுவதையும் படித்து, டெண்டருக்கு முந்தைய கூட்டத்தின் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கூட்டத்திற்குள் எழுத்தில் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று: இப்பணிகளை ஏன் சேர்த்தீர்கள்? இது பிரிக்க முடியாதது என்பதற்குக் காரணம் என்ன? இந்த விற்றுமுதல் எக்கணக்கால் வந்தது? விடை வராவிட்டாலும் கேள்வி கோப்பில் நிற்கும்; பின்னர் நீதிமன்றத்தில் அதுவே சாட்சி. எதிர்ப்புச் சொல்லாமல் கலந்துகொண்டு, தோற்றபின் நிபந்தனை தவறு என்பவரை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை.

மூன்றாவதாக, மேலதிகாரிக்கும், சிறு தொழில் அமைச்சகத்தின் சாம்பியன்ஸ் என்ற குறைதீர் தளத்திற்கும் முறையீடு அனுப்ப வேண்டும். நான்காவதாக, இவற்றால் பயன் இல்லையெனில், ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்றத்தை அணுக வேண்டும். தனி ஒருவர் செல்வதைவிடச் சங்கமாகச் செல்வது நன்று. செலவும் பகிரப்படும், நாளை அதே அலுவலகத்தில் வேலை கேட்க வேண்டிய ஒருவர் தனியே பகையைத் தேடிக்கொள்ளவும் நேராது.

ஐந்தாவதாக, உள்குத்தகையில் தள்ளப்பட்டவரும் கையற்றவர் அல்லர். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வாங்குபவர் தனியார் பெருநிறுவனமாயினும் இது பொருந்தும்.

படித்தவர்க்கு இவை எளியவை. அதிகாலை நான்கு மணிக்குக் கொப்பரை ஏற்றுபவர்க்கும், நாள் முழுவதும் வண்டி ஓட்டுபவர்க்கும் ஆங்கிலத்தில் அறுபது பக்கமுள்ள டெண்டர்த் தாளைப் படிக்க ஏது நேரம்? நம் மன்றம் பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறது, அவை வேண்டியவைதாம். அவற்றோடு மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கொண்டாப்பூரில் தொழில் செய்யும் நம்மவர்க்கும் பிறமொழி அண்டை வீட்டார்க்கும் டெண்டர் படித்துச் சொல்லும் பணியை மேற்கொண்டால் என்ன? வேண்டுவது இரண்டு கணிப்பொறியும், பொறுமையுள்ள நான்கு மாணவர்களும், சட்டம் பயிலும் ஒரு நண்பருமே. விருப்பமுள்ளோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.